டெலவேர் ஆற்றுப் படகுப் பயணம்: யாரை வைத்துக் கணக்குப் போடுவது?



ஜூலையில் எல்லாரும் சேர்ந்து டெலவேர் ஆற்றில் கேனோ, கயாக் வாடகைக்கு எடுத்துப் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாகப் பேச்சு ஓடுகிறது. டி-ஷர்ட் என்ன நிறம் என்பதற்கே நாற்பது செய்தி வந்துவிட்டது. நீச்சல் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகியிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டம் வேண்டாம். மில்ஃபோர்ட் பீச்சில் தொடங்கி புஷ்கில் வரை சுமார் 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர், ஒரே நாளில். இந்தத் திட்டம் போட்ட மூன்று பேரும் வாரத்துக்கு நாலு நாள் ஜிம்முக்குப் போகிறவர்கள். மொத்தம் 22 பேர் வருகிறோம். அதில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, எழுபத்தொரு வயது சம்பந்தியம்மா, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் என் தம்பி, தண்ணீர் என்றாலே முகம் மாறும் இரண்டு மருமகள்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போகும்போது வரிசையில் கடைசியாக வருகிற பிள்ளையின் நடையைப் பார்த்துத்தான் நேரம் குறிப்போம். முதலில் ஓடுகிறவனைப் பார்த்துக் குறித்தால் சாயங்காலம் எண்ணிக்கை குறையும். ஆற்றுக்கும் அதே கணக்குதான், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. மலையில் நடக்க முடியாதவரை ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது கூட்டிக்கொள்ளலாம். ஆற்றில் திரும்பி வருவது என்பதே கிடையாது. நடுவழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றாலும் அடுத்த இறங்குதுறை வரை அவர் போயே ஆக வேண்டும்.

இந்த வகைப் பயணம் எப்படி நடக்கிறது என்பதில் நம்மவர்கள் சிலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. "கைடு இருக்காங்க சார், பயமில்லை" என்று ஒருவன் எழுதியிருந்தான். கண்ணு, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படி. நாம் முன்பதிவு செய்யப்போவது ஷட்டில் வைத்த வாடகைப் பயணம். காலையில் அவர்கள் இடத்துக்குப் போய்ப் பணம் கட்டி, ஒரு பொறுப்புத் துறப்புத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் கொடுக்கிறார்கள். பத்து நிமிஷம் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறார்கள். பிறகு ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றி, படகுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான். கூட வருகிறவர் பஸ் வரைக்கும்தான் வருவார். படகில் நீயும் உன் பெண்டாட்டியும்தான். வழிகாட்டி கூடவே படகில் வரும் பயணம் வேறு, அதற்குக் கட்டணமும் வேறு. முன்பதிவு செய்யும்போது வாயைத் திறந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஒகேனக்கல்லை நினைத்துக்கொண்டு இங்கே வருவதில்தான் குழப்பம். அங்கே பரிசலில் நாம் உட்கார்ந்தால் போதும். எந்தச் சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் பரிசல் ஓட்டியின் தலையில். பயணம் முடிந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் மேலே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரிய ஆமை எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். அதுதான் ஷட்டில். ஆறு ஒரே திசையில் ஓடுகிறது, படகு மேலே போக யாராவது சுமக்க வேண்டும். இங்கே அந்த வேலையை பஸ் செய்கிறது. பரிசல் ஓட்டியின் மற்ற வேலைகளுக்கு இங்கே ஆள் கிடையாது. நாம்தான் ஓட்டி, நாம்தான் சவாரி.

ஷட்டிலில் இரண்டு முறை உண்டு. காரை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் மேலே போய், துடுப்புப் போட்டு நேராக நம் காருக்கே வந்து சேருவது ஒன்று. காரை மேலே விட்டுவிட்டு, கீழே வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பது இன்னொன்று. முதல் முறைதான் நமக்கு. முதல் முறையில் யாரும் யாருக்காகவும் கடிகாரம் பார்க்க வேண்டாம். இரண்டாவதில் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மூன்றரைக்கு எல்லாரும் அவசரப்படுவார்கள். களைத்துப்போன கையோடு அவசரப்படும் நேரத்தில்தான் படகு கவிழும்.

தூரத்துக்கு வருகிறேன். டெலவேர் வாட்டர் கேப் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் சுமார் 40 மைல் ஆறு ஓடுகிறது. மில்ஃபோர்ட் பீச்சிலிருந்து டிங்மன்ஸ் ஃபெர்ரி சுமார் 8 மைல். அங்கிருந்து புஷ்கில் ஒரு பத்து. புஷ்கில்லிலிருந்து ஸ்மித்ஃபீல்ட் பீச் இன்னொரு பத்து. ஸ்மித்ஃபீல்டிலிருந்து கிட்டடின்னி பாயிண்ட் ஆறு, ஏழு மைல். நான் கேட்பது இந்தக் கடைசித் துண்டு. ஏழு மைல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். ஓட்டம் மெதுவான ஆற்றில் புதியவர்கள், குழந்தைகளோடு, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணல்திட்டில் ஒதுங்கி, ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டு போக நாலைந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பினால் துடுப்புப் போடாமல் நிறுத்திய நிமிஷம் படகு அசையாமல் நின்றுவிடும். இதே வேகத்தில் பதினெட்டு மைலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அழகும் இந்தத் துண்டில்தான். கடைசியில் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகும் இடம் வருகிறது. இடப்பக்கம் நியூ ஜெர்சியின் டாமனி மலை, வலப்பக்கம் பென்சில்வேனியாவின் மின்சி மலை. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் ஆயிரம் அடிக்கு மேல் பாறை. ஐ-80 நெடுஞ்சாலையில் காரில் போகிறபோது இதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அது வேறு.

அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் முடியாது, மன்னிக்க வேண்டும். புவியியல் வாத்தியார் ஓய்வு பெறலாம், புவியியல் ஓய்வு பெறாது. 1955 ஆகஸ்டில் கானி, டயேன் என்ற இரண்டு புயல்கள் ஒரு வார இடைவெளியில் வந்தன. டெலவேர் வடிநிலத்தில் சுமார் நூறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது பெரிய ஆற்றில் இல்லை, பிராட்ஹெட் கிரீக் என்ற துணையாற்றில். நாம் போகும் வழியில், வாட்டர் கேப்புக்குச் சற்று முன்னால், அது வந்து கலக்கும் இடத்தைக் கடப்போம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு டாக்ஸ் தீவு என்ற இடத்தில் பெரிய அணை கட்ட முடிவு செய்தார்கள். 1962இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. கட்டியிருந்தால் 37 மைல் நீளத்துக்கு ஏரி. அதற்காக ஊர் ஊராக நிலம் எடுத்து, குடும்பங்களைக் கிளப்பினார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1975இல் ஆற்றுப்படுகை ஆணையத்தில் மாநிலங்கள் அணைக்கு எதிராக வாக்களித்தன. 1978இல் ஆற்றின் இந்தப் பகுதி இயற்கை எழில் ஆறாகப் பாதுகாக்கப்பட்டது. நாம் துடுப்புப் போடப் போகும் ஆறு ஆறாகவே இருப்பது இப்படித்தான். வெளியேற்றப்பட்டவர்களின் வீடுகளில் சில இன்னும் காட்டுக்குள் காலியாக நிற்கின்றன. பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள்.

தலைமை ஆற்றில் அணை இல்லை. ஆனால் மேலே கிளையாறுகளில் கேனன்ஸ்வில், பெபாக்டன், நெவர்சிங்க் என்று நியூயார்க் நகரத்தின் மூன்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1954 தீர்ப்பின்படி, மில்ஃபோர்டுக்குப் பக்கத்தில் மாண்டகியூ என்ற அளவிடத்தில் வினாடிக்கு 1,750 கன அடி ஓட வேண்டும் என்பது இலக்கு. குறைந்தால் நகரம் தன் நீர்த்தேக்கத்தைத் திறக்க வேண்டும். மேற்பார்வைக்கு நீதிமன்றம் நியமித்த ஓர் அதிகாரியே இருக்கிறார். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரிக்காரர்கள் வேறு எந்த ஆற்றுக்குப் போனாலும் கன அடி துரத்திக்கொண்டு வரும்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாண்டகியூ அளவிடத்தின் நீர்மட்டமும் ஓட்டமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் இணையதளத்தில் எப்போதும் கிடைக்கும். இன்றிலிருந்தே நம்மில் ஒருவர் தினமும் காலையில் அதைப் பார்த்துக் குழுவில் போடட்டும். இரண்டு வாரம் பார்த்தாலே எது சாதாரணம், எது அதிகம் என்று பிடிபடும். முதல் நாள் இரவு மலையில் பெருமழை பெய்து கோடு செங்குத்தாக ஏறினால், அந்த நிறுவனம் "பரவாயில்லை வாருங்கள்" என்று சொன்னாலும் நாம் போக வேண்டாம். முன்பணம் போனால் போகட்டும். அதற்காகத்தான் முன்பதிவு செய்யும்போதே மழைக்கு ரத்து செய்தால் பணம் திரும்புமா, வேறு தேதி கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். பணம் திரும்பி வராது என்றால் அன்றைக்கு நம் மனசு ஆற்றை நம்பத் தொடங்கிவிடும்.

பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த ஆற்று வளைவு யாருக்காவது நினைவிருக்கிறதா? தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. வளைவின் வெளிப்பக்கம் நீர் வேகம், அரிப்பு. உட்பக்கம் நீர் மெதுவு, படிவு. அதைப் படகில் உட்கார்ந்து யோசியுங்கள். வெளிக்கரையை ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் அங்கேதான் மரங்கள் வேரோடு சாய்ந்து தண்ணீரில் கிடக்கும். வேகமான நீர் சும்மா இருக்கும் படகையும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது. சல்லடையில் மாட்டிய மாதிரி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆற்றில் எனக்குப் பாறையைவிட இந்தச் சாய்ந்த மரங்கள்தான் பயம். வளைவு கண்ணில் பட்டவுடனே, பக்கத்தில் போன பிறகு அல்ல, உட்பக்கம் ஒதுங்கத் தொடங்க வேண்டும். சாப்பாட்டுக்கு நிறுத்த மணல்திட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கும். ஐந்து மதிப்பெண் அப்போது வாங்கியவர்கள் இப்போது பயன்படுத்துங்கள்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். படகுக்குக் கீழ்ப்பக்கம், ஓட்டம் போகும் திசையில், மாட்டிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் நிறைந்த கேனோ பாறைக்கும் உங்களுக்கும் நடுவில் வந்தால் அது படகு இல்லை, சுவர். மல்லாந்து படுத்து, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதந்து போக வேண்டும். ஓடும் தண்ணீரில் உடனே எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. பாதம் கல் இடுக்கில் சிக்கினால், இடுப்பளவு ஓட்டமே ஆளை முகம் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். தரையில் உட்காரும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகு எழுந்தால் போதும்.

லைஃப் ஜாக்கெட்டில் நான் யாரோடும் விவாதம் பண்ணத் தயாரில்லை. பென்சில்வேனியா சட்டப்படி 12 வயது வரையுள்ள பிள்ளைகள் கேனோவிலும் கயாக்கிலும் கட்டாயம் அணிய வேண்டும். பெரியவர்களுக்குக் கோடையில் படகில் இருந்தால் போதும் என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நம் ஆண்பிள்ளைகள் அதை உட்காரும் மெத்தையாக்கிவிடுவார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்து அறிக்கைகளைப் பாருங்கள். மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள். நீச்சல் தெரியும் என்பவரும் இதில் அடக்கம்தான். கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல், குளிர்ந்த, ஓடுகிற தண்ணீருக்குப் பதில் சொல்லாது. வெயிலாக இருக்கிறது, போட்டோவில் அழகாக இல்லை என்பதெல்லாம் என் காதில் விழாது. கொக்கி போட்டு, பட்டையை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறாமல் நிற்க வேண்டும். பஸ்ஸில் ஏறும் முன் நானே ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்ப்பேன். மாப்பிள்ளை உட்பட.

பீர் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. படகில் வேண்டாம். வீட்டுக்கு வந்து என்னவோ செய்யுங்கள், நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

படகு எது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கேனோ திறந்த படகு, இரண்டு பேர் உட்காரலாம், நடுவில் ஒரு சின்னப் பிள்ளை. பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும். முன்னால் இருப்பவர் வேகம் கொடுத்தால் போதும், பாறை தெரிந்தால் சொன்னால் போதும். இது தெரியாமல் இரண்டு பேரும் திசை திருப்பினால் படகு வட்டமடிக்கும், வீட்டுச் சண்டையெல்லாம் வெளியே வரும். கணவன் மனைவியை ஒரே கேனோவில் போட வேண்டாம் என்பது என் தாழ்மையான யோசனை. துடுப்புப் பழகியவர் ஒருவர், பழகாதவர் ஒருவர் என்று ஜோடி சேர்ப்போம். கயாக் தனியாள் படகு, நிலை பழகியவர்களுக்கு நன்றாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பயப்படுகிறவர்களுக்கும் ராஃப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் சட்டென்று கவிழாது. குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது, எடை என்ன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் கேளுங்கள். நம் எடையையும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் படகு கொடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்கவில்லை.

உடை பற்றிப் பெண்களுக்கு அவரவர் வீட்டிலேயே சொல்லிவிட்டேன்: புடவையும் துப்பட்டாவும் படகில் கூடாது, சுற்றிக்கொள்ளும். ஹவாய்ச் செருப்பும் கூடாது, பின்பட்டை வைத்த செருப்பு வேண்டும். கண்ணாடிக்குக் கயிறு. கார் சாவியை நீர்புகாப் பையில் போட்டுப் படகில் கட்டிவிட வேண்டும், சட்டைப்பையில் அல்ல. இரண்டாவது சாவி கரையில் இருப்பவரிடம். மலைக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஊசி, மாத்திரை, சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஏதாவது, இவை தம்பி இருக்கும் படகிலேயே இருக்க வேண்டும். "சாப்பாட்டுப் பை முன்னால் போன படகில் இருக்கு" என்ற பேச்சு வரக்கூடாது. ஒரு மணிக்குப் புளியோதரை என்பதை நான் ஆற்றின் கையில் விட மாட்டேன்.

இனி, குழுவில் யாரும் எழுதாத ஒன்று. என் இரண்டு மருமகள்களில் ஒருத்திக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "எல்லாரும் போறப்ப நான் மட்டும் வரலைன்னா நல்லா இருக்காது மாமா" என்றாள். நல்லா இருக்கும், அம்மா. படகில் ஏறாமல் இருப்பதையும் திட்டத்தில் ஓர் இடமாக வைக்க வேண்டும். கிட்டடின்னி பாயிண்ட்டில் ஆற்றங்கரையிலேயே உட்கார இடம் இருக்கிறது. அங்கிருந்து அப்பலாச்சியன் நெடும்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தும் வரலாம். சம்பந்தியம்மாவும் அங்கே இருப்பார். இரண்டாவது சாவியும், நாம் எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற சீட்டும் கரையில் இருப்பவரிடம்தான் இருக்கும். அது சும்மா உட்காரும் வேலை இல்லை. "வாங்க அத்தை, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுக்கிற பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. கோயில் தேருக்கு இழுங்கள், ஆற்றுக்கு வேண்டாம்.

இன்னொரு பக்கம், பதினெட்டு மைல் போயே தீருவோம் என்கிற மூன்று பேரும் போகட்டும். வேறொரு நாளில், தனியாக, சட்டையைப் போட்டுக்கொண்டு. அது அவர்கள் வயசு, அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. 22 பேரோடு போகிற நாளில் அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவே.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று விஷயம் எனக்குத் தனிச் செய்தியில் வர வேண்டும்: யார் யார் படகில், யார் கரையில், யாருக்கு நீச்சல் தெரியாது. மூன்றாவதை அவரவரே எழுத வேண்டும், வீட்டுக்காரர் எழுதக் கூடாது. முன்பதிவு செய்யும் பொறுப்பைத் தொண்ணூற்றிரண்டாம் வருட மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், முடிந்தால் வெள்ளிக்கிழமை பாருங்கள். டி-ஷர்ட் எந்த நிறமானாலும் எனக்குச் சம்மதம், ஆனால் எனக்கு எக்ஸ்எல் அளவு.